மேடை வேண்டாம், ஜமுக்காளம் போதும்: ஊருக்குள் நியாயம் பேச ஒரு கூட்டம் தொடங்குவது எப்படி

எங்கள் ஊரில் முதன்முதலாக நடத்திய தத்துவக் கூட்டத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தோம், மைக் செட் வாடகைக்கு எடுத்தோம். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியரை அழைத்து வந்து பொன்னாடை போர்த்தினோம். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து அவர் எழுந்தபோதே மணி ஆறரை. ஒரு மணி நேரம் நன்றாகத்தான் பேசினார். "கேள்விகள் இருந்தால் கேட்கலாம்" என்று அறிவித்தபோது, நன்றியுரை சொல்ல வேண்டியவர் காகிதத்தோடு மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். 60 பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. வெளியே டீக்கடையில் நின்றபோதுதான் நான்கு பேர் உண்மையாகவே பேச ஆரம்பித்தார்கள். அந்தக் கடையில் "தயவுசெய்து இங்கு அரசியல் பேசாதீர்" என்று போர்டு வேறு தொங்கியது.

அந்த டீக்கடைப் பேச்சை ஒரு கூரைக்குள் கொண்டுவர என்னவெல்லாம் செய்தோம், எதிலெல்லாம் வழுக்கினோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆறு வருடமாக மாதம் ஒருமுறை நடக்கிறது. சராசரியாகப் பதினைந்து பேர் வருகிறார்கள். உங்கள் தெருவிலோ ஊரிலோ இப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால் ஃப்ளெக்ஸ் காசு மிச்சம்.

எதை நடத்தப்போகிறோம்?

நமக்குப் பழக்கமான வடிவம் பட்டிமன்றம். பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே வருகிறது. அங்கே அது வெவ்வேறு சமயத்தார் ஏறி வாதாடும் இடம். இன்றைய பட்டிமன்றத்தில் இரண்டு அணி, ஒரு நடுவர், கடைசியில் தீர்ப்பு. எனக்கும் பிடிக்கும், பொங்கலுக்கு உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் அதில் யாரும் பாதியில் மனம் மாறி எதிரணிக்குப் போய் உட்கார முடியாது. நாம் நடத்தப்போவது அப்படி மாறலாம் என்கிற கூட்டம். அணியும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

இதற்கு இரண்டு முன்னோடிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பாரிஸில் 1992-ல் தொடங்கிய தத்துவக் காபிக் கடை. மார்க் சொத்தே என்கிற தத்துவ ஆசிரியர் பாஸ்டீல் சதுக்கத்தில் கஃபே தே ஃபார் என்ற கடையில் ஞாயிறு காலையில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அதை வானொலியில் கேள்விப்பட்டவர்கள் தாங்களாகவே வந்து சேர, அதுவே பொதுக்கூட்டம் ஆகிவிட்டது. 1998-ல் அவர் இறந்த பிறகும் அங்கே பேச்சு நிற்கவில்லை. இன்னொன்று அதற்கும் முந்தையது. லெனர்ட் நெல்சன் என்கிற ஜெர்மானியர் 1922-ல் சாக்ரட்டீஸ் முறையைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லவே கூடாது, வந்தவர்களே யோசித்துக் கண்டடைய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அவர் வழியில் வந்தவர்கள் அதில் இரண்டு பழக்கங்களைச் சேர்த்தார்கள்: யாருக்காவது நேரில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குவது, புத்தகத்தை மேற்கோள் காட்டி வாதத்தை முடிக்காமல் இருப்பது. எங்கள் கூட்டத்துக்கு முதுகெலும்பு இந்த இரண்டும்தான்.

பெயர்

அழைப்பில் "தத்துவம்" என்று போடாதீர்கள். நம் பேச்சு வழக்கில் அது கிண்டல் வார்த்தை. "ஆரம்பிச்சுட்டான்யா தத்துவத்தை" என்பார்கள். "மெய்யியல்" என்றால் பாடப்புத்தகம். "அறவியல்" என்றால் வகுப்பறை. "நியாயம்" எல்லோருக்கும் சொந்தமான சொல். ஆனால் "நியாயம் பேசுவது" என்றால் சில ஊர்களில் பஞ்சாயத்து கூட்டித் தீர்ப்புச் சொல்வது என்றுதான் அர்த்தம். நாங்கள் கடைசியில் "சாயங்காலப் பேச்சு" என்று வைத்துவிட்டு, அதற்குக் கீழே அந்த மாதத்துக் கேள்வியை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறோம். ஆட்களைக் கூட்டி வருவது பெயரல்ல, கேள்விதான்.

இடமும் நேரமும்

கிளை நூலகம் இருந்தால் அங்கே தொடங்குங்கள். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது; பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று பெயரளவிலாவது இருக்கும். நூலகரிடம் "கூட்டம் நடத்த இடம் வேண்டும்" என்று கேட்டால் பயப்படுவார். "வாசகர் வட்டம் சார்பில் மாதம் ஒரு கலந்துரையாடல்" என்று எழுதிக் கொடுங்கள். எந்தக் கட்சிக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி சேருங்கள். அப்படியும் எங்களுக்கு ஓர் இடத்தில் எட்டு மாதம் "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றே பதில் வந்தது. அந்த எட்டு மாதமும் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நடத்தினோம்.

மொட்டை மாடி, டியூஷன் சென்டர், மூடிய நேரத்தில் டீக்கடை எல்லாம் சரிதான். கோயில் மண்டபம், தேவாலய வளாகம், பள்ளிவாசல் கூடம், சாதிச் சங்கத் திருமண மண்டபம் வேண்டாம். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அங்கே நுழையவே தயங்குகிறவர்கள் இருப்பார்கள், அவர்கள் காரணம் சொல்ல மாட்டார்கள், வர மாட்டார்கள், அவ்வளவுதான். மைக்கும் வேண்டாம். ஒலிபெருக்கி என்றால் அனுமதி வாங்க அலைய வேண்டும் என்பது ஒரு பக்கம். மைக் கைக்கு வந்ததும் எல்லோரும் "அவையோர்களே" என்று ஆரம்பித்துவிடுவது இன்னொரு பக்கம்.

பாரிஸைப் பார்த்து நாங்களும் ஞாயிறு காலை பதினொரு மணி என்று வைத்தோம். ஆண்கள் கறிக்கடை வரிசையில் நின்றார்கள், பெண்கள் அடுப்படியில் நின்றார்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மாற்றி, ஐந்தே முக்காலுக்குக் கண்டிப்பாக முடிப்பது என்று ஆன பிறகுதான் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர முடிகிறதா என்பதை வைத்து நேரத்தை முடிவு செய்யுங்கள்.

கேள்வி

பாதி வேலை இதுதான். மோசமான கேள்வியை எவ்வளவு திறமையாக நடத்தினாலும் தூக்கம் வரும். நல்ல கேள்வியை நீங்கள் சொதப்பினாலும் அது தானாக ஓடும்.

"வரதட்சணை சரியா?" என்பது மோசமான கேள்வி. எல்லோரும் தவறு என்பார்கள், வீட்டுக்குப் போய்ப் பவுன் கணக்குப் பார்ப்பார்கள். அதையே "மாப்பிள்ளை வீட்டார் எதுவுமே கேட்கவில்லை, நாமாகப் பெண்ணுக்கு முப்பது பவுன் போடுகிறோம், இது வரதட்சணையா?" என்று கேட்டுப் பாருங்கள். மரியாதையான பதில் எது என்று யாருக்கும் சட்டென்று தெரியாது, அதனால் யோசித்தே ஆக வேண்டும். கேள்வியைச் சோதிக்க நான் வைத்திருக்கும் முதல் அளவுகோல் இது. இன்னும் இரண்டு உண்டு. செல்போனில் தேடினால் விடை கிடைத்துவிடக் கூடாது. அறையில் இருக்கும் எல்லோரிடமும், படித்தவர் படிக்காதவர் பேதமில்லாமல், அதைப் பற்றிச் சொல்ல ஒரு கதையாவது இருக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் கேள்வி: மொய் கடனா, அன்பா? தமிழ்நாட்டில் மொய் எழுதாத கை இல்லை. எங்கள் கூட்டத்தில் ஓர் அம்மா, தன் வீட்டுக் கல்யாண மொய் நோட்டை இருபது வருடமாகப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். யாராவது பத்திரிகை வைத்தால் முதலில் அந்த நோட்டைத்தான் எடுத்துப் பார்ப்பாராம். அப்படியென்றால் கடன்தானே என்றார் ஒரு இளைஞர். "கடன்னா கேட்டு வாங்கலாம்ல? இதைக் கேட்டா அசிங்கம்" என்றார் அம்மா. உடனே இன்னொருவர், பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்தைப் பற்றிச் சொன்னார். அங்கே கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமல், பணம் திரட்டுவதற்கென்றே கறிவிருந்து போட்டுக் கணக்கை வெளிப்படையாக எழுதுகிறார்கள். அது நேர்மையா, அல்லது அன்பென்ற திரையை எடுத்துவிட்டதால் மதிப்புக் குறைகிறதா? வாயால் கேட்க முடியாத, ஆனால் கொடுத்தே தீர வேண்டிய ஒன்றுக்கு என்ன பெயர்? ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. யாரும் ஒரு தத்துவ அறிஞர் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

நான்கைந்து கூட்டம் ஓடிப் பழகிய பிறகு சூடான கேள்விக்குப் போகலாம். எங்களுக்கு மறக்க முடியாதது: ஓட்டுக்குப் பணம் வாங்கியவர், கொடுத்த கட்சிக்கே ஓட்டுப் போடக் கடமைப்பட்டவரா? நிஜத்தில் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். "கை நீட்டி வாங்கியாச்சு, மாத்திப் போட்டா பாவம்" என்பது ஊரில் சாதாரணமாகக் கேட்கிற வாக்கியம். "அது நம்ம பணம்தானே" என்பது அதற்குப் பதில் வாக்கியம். "ரெண்டு பேர்கிட்டயும் வாங்கினவன் என்ன செய்வான்?" என்பது சிரிப்பு.

இதில் மூன்று கேள்விகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கின்றன. வாங்கியதே தவறா? வாங்கியதால் ஒரு வாக்குறுதி உண்டாகிறதா? தவறான காரியத்துக்குக் கொடுத்த வாக்குறுதி நம்மைக் கட்டுமா? இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பேச வைப்பதுதான் உங்கள் வேலை. எங்கள் கூட்டத்தில் ஒருவர், "வேண்டாம்னு சொன்னா நம்மள எதிர்க்கட்சின்னு குறிச்சு வச்சுக்குவாங்க, பயந்துதான் வாங்குறது" என்றதும் பேச்சு வேறு இடத்துக்குப் போனது. பயத்தில் கொடுத்த வாக்கு வாக்கா?

இதில் ஒரு எச்சரிக்கை. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் சட்டப்படி குற்றம். ஆகவே "சொந்த அனுபவத்திலிருந்து தொடங்குங்கள்" என்ற விதியை இங்கே தளர்த்துங்கள். "ஒருவர் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம்" என்று தொடங்கினால் போதும். கட்சிப் பெயர் ஒன்றுகூட வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வந்தது என்றால் அன்றைய கூட்டம் அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு எப்படி நடத்துவது?

முதலில் உட்காருவது. எல்லோரும் ஜமுக்காளத்தில், வட்டமாக. முட்டி வலிக்கிறவர் ஒருவர் இருந்தாலும் எல்லோருக்கும் நாற்காலி. யார் நாற்காலியில், யார் தரையில் என்பது நம் ஊரில் வெறும் வசதிப் பிரச்சினை இல்லை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அறிமுகத்தில் பெயர் மட்டும். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பது பார்க்க அன்பாக இருக்கும். அடியில் என்ன தேடுகிறோம் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தொழிலும் வேண்டாம். "ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவர் பேசும்போதெல்லாம் மற்றவர்கள் மாணவர்கள் ஆகிவிடுவார்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட நம்மால் முடியாது, அதற்காகச் சண்டை போடவும் வேண்டாம். ஐயா, அம்மா, அண்ணன், அக்கா, தம்பி எல்லாம் இருக்கட்டும். "சார்" மட்டும் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். பாதி நாள் நானே மீறிவிடுகிறேன்.

பிறகு கேள்வியைப் படித்து, இதைத் தொட்டு யாருக்காவது ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு மூன்று சம்பவங்கள் வரும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நடந்தது என்ன, அந்த இடத்தில் அவர் என்ன முடிவெடுத்தார், ஏன் என்று நிதானமாகக் கேளுங்கள். இதற்கே அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். அப்புறம்தான் "அவர் செய்தது சரியா?" என்ற பேச்சு. நான்கே முக்காலுக்கு டீ. டீக்குப் பிறகு வரும் பேச்சு எப்போதும் முன்னதைவிட நன்றாக இருக்கும். பேச்சைத் தள்ளிப்போட்டாலும் டீயைத் தள்ளிப்போடாதீர்கள்.

நடத்துநர் என்று சொன்னால் பஸ் கண்டக்டர்தான் ஞாபகம் வருகிறார். வேலையும் கிட்டத்தட்ட அதுதான். விசில் கொடுக்கலாம், படியில் நிற்பவர்களை உள்ளே வரச் சொல்லலாம். வண்டி ஓட்டக் கூடாது. உங்கள் கருத்தைச் சொல்ல நாக்கு துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். நான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வாக்கியங்கள் நான்கைந்துதான். "ஒரு உதாரணம் சொல்லுங்களேன்." "நீங்க சொல்றது அக்கா சொன்னதுக்கு ஒத்துப்போகுதா, மாறுதா?" "அப்படின்னா இந்த இடத்திலயும் அதே நியாயம் பொருந்துமா?" "அவர் சொன்னதை உங்க வார்த்தையில ஒருதடவை சொல்லிட்டு அப்புறம் மறுங்க." கடைசி வாக்கியம் சண்டையைப் பாதியாகக் குறைக்கும். எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போதே, அவர் அப்படிச் சொல்லவில்லை என்பது பலருக்கு விளங்கிவிடுகிறது.

அமைதி வந்தால் பதறாதீர்கள். பத்து நொடி மௌனம் நடத்துபவருக்குப் பத்து நிமிடம் போல இருக்கும். மற்றவர்கள் அப்போதுதான் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

அறிஞர்கள் எப்போது வரலாம்?

கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும். ஊர்க்காரர்கள் தாங்களே ஒரு சிக்கலுக்குள் போய்த் தவித்த பிறகு, "இதே இடத்தில் இவரும் தவித்திருக்கிறார்" என்று அறிமுகம் செய்தால் சுவை தனி. ஓட்டுப் பணக் கூட்டத்தின் முடிவில் இரண்டு பேரை அழைத்து வந்தேன். கொள்ளைக்காரர்களுக்குப் பணம் தருவதாகச் சத்தியமே செய்திருந்தாலும் கொடுக்காமல் விடுவது மோசடி ஆகாது என்று எழுதினார் ரோமாபுரியின் சிசரோ. அரசு இல்லாத நிலையில் பயத்தால் கொடுத்த வாக்கும் கட்டும், திருடனுக்கு ஒப்புக்கொண்ட பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றார் 1651-ல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஹாப்ஸ். பயந்து வாங்கினேன் என்று சொன்னவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மொய்க் கூட்டத்தில் மார்செல் மோஸ் வந்தார்: அன்பளிப்பு என்றால் கொடுப்பது, ஏற்பது, திருப்பிச் செய்வது என்று மூன்று கடமைகள் உண்டு என்று 1925-ல் எழுதிய பிரெஞ்சுக்காரர். மொய் நோட்டு வைத்திருந்த அம்மா, "இதைச் சொல்ல பிரான்ஸ்ல இருந்து வரணுமா?" என்றார்.

திருக்குறளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் கூட்டங்களில் ஒருவர் குறளைச் சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும்; வள்ளுவரை யார் மறுப்பது? அதனால் எங்கள் விதி, குறள் சொல்லலாம், சொன்னவர் அதை ஏன் ஒப்புக்கொள்கிறார் என்று தன் வார்த்தையிலும் சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தும் அவரிடம் மறைப்பதைப் பற்றிப் பேசியபோது, "பொய்மையும் வாய்மை யிடத்த" என்ற 292-ஆம் குறள் வராமல் இருக்குமா? வந்தது. கொலைகாரன் வந்து நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் எழுதிய ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்டைப் பக்கத்தில் வைத்தேன். அறை முழுக்க வள்ளுவர் கட்சி. பிறகு குறளின் அடுத்த வார்த்தையைப் படிக்கச் சொன்னேன்: "புரைதீர்ந்த நன்மை". குற்றமே இல்லாத நன்மை. பெரியவரிடம் மறைத்ததால் அவர் எழுத நினைத்த உயிலை எழுதாமலே போனால் அது புரைதீர்ந்ததா? நன்மை என்று முடிவு செய்தது யார், அவரா, பிள்ளைகளா? வள்ளுவர் அவ்வளவு எளிதில் அனுமதிச் சீட்டு கொடுக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

கரடுமுரடான இடங்கள்

நீளமாகப் பேசுபவர் ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். எங்களுக்கு இரண்டு பேர். "இதுவரை பேசாதவர்கள் ஒரு சுற்று" என்று சொன்னால் அவர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவரிடம் நேரம் பார்க்கும் பொறுப்பையே கொடுத்துவிட்டோம். அதன்பிறகு அவர் மிகக் கண்டிப்பானவர்.

சாதி வரும். கேள்வி எதுவானாலும் ஏதாவது ஒரு சந்தில் வரும். வந்தால் மூடி மறைக்காதீர்கள். ஆனால் "அந்த ஆளுங்க எல்லாம்" என்று தொடங்கும் வாக்கியத்தை அங்கேயே நிறுத்துங்கள். "எல்லாம் வேண்டாம், ஒருத்தர், உங்களுக்கு நடந்தது, அதைச் சொல்லுங்க." இதற்குக் குரல் உயர்த்த வேண்டியதில்லை, தயங்கவும் கூடாது.

நான் செய்த பெரிய தவறு ஒன்று. குணமாகாத நோயில் கிடப்பவரைப் போக விடலாமா என்று இரண்டாம் வருடம் ஒரு கேள்வி வைத்தேன். செயற்கையாக உயிரைப் பிடித்துவைக்கும் சிகிச்சையை நிறுத்த அனுமதித்து உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லியிருந்தது, அதைப் பற்றிய பேச்சு என்றுதான் நினைத்தேன். பேச்சு தலைக்கூத்தலுக்குப் போனது. தென் மாவட்டங்களில் சில இடங்களில், படுத்த படுக்கையான முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து முடித்துவிடும் வழக்கம் அது. ஒருவர் ஆவேசமாகக் "கொலை" என்றார். ஒரு பெண் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த மூன்று மாதம் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். அதற்குப் பிறகு சாவு, நோய், கருக்கலைப்பு தொடர்பான கேள்வி என்றால் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுகிறோம். பாதியில் எழுந்து போவது தவறில்லை என்று தொடக்கத்திலேயே அறிவிக்கிறோம். அந்தப் பெண் இப்போது மீண்டும் வருகிறார், கதவுக்குப் பக்கத்தில் உட்காருவார்.

மற்றவை

செலவு: பதினைந்து பேருக்கு டீ, வடை 400 ரூபாய்க்குள். உண்டியல் ஒன்று வையுங்கள், நன்கொடையாளர் யாரும் வேண்டாம். காசு கொடுத்தவருக்கு வாழ்த்துரை கொடுக்க வேண்டி வரும். வாட்ஸ்அப் குழுவை அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டிவிடுங்கள். நான்கே பேர் வந்தாலும் நடத்துங்கள். கேள்வி முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும், வேறு எதையும் படித்துவிட்டு வரச் சொல்லாதீர்கள்.

பள்ளியில் நடத்தக் கேட்டால் வேறு வடிவம் உதவும். ராபர்ட் லேடன்சன் என்பவர் 1993-ல் அமெரிக்காவின் இலினாய் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய போட்டி முறையில் அணிகள் உண்டு, ஆனால் வெட்டும் ஒட்டும் கிடையாது. இரு அணியும் ஒரே பக்கம் நிற்கலாம். எதிர்க் கருத்தை எவ்வளவு ஆழமாக எடைபோட்டார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்க ஒரு சாக்கு வேண்டுமென்றால், நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை யுனெஸ்கோவின் உலகத் தத்துவ நாள்.

ஒவ்வொரு கூட்ட முடிவிலும் அடுத்த கேள்விக்குச் சீட்டு எழுதிப் போடச் சொல்கிறோம். எங்கள் டப்பாவில் இன்னும் எடுக்காமல் கிடக்கும் சில சீட்டுகளை அப்படியே தருகிறேன், உங்கள் முதல் வருடத்துக்கு ஆகும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை மாதாமாதம் பணம் அனுப்பினால் அது பெற்றோரைப் பார்த்துக்கொள்வதா? தெருநாய்க்குச் சோறு வைப்பவர், அது கடித்தால் பொறுப்பா? பக்கத்து வீட்டில் அடிதடிச் சத்தம் கேட்டால் எப்போது கதவைத் தட்டலாம்? இறந்தவரைப் பற்றிக் கெட்டதைச் சொல்லலாமா? கடைசியாக, பென்சிலில் எழுதிய ஒன்று: இந்தக் கூட்டத்துக்கு வந்துட்டு வீட்ல பாத்திரம் கழுவாம இருக்குறது சரியா?